பிஸ்கட் வாசனையைப் பிடித்துக்கொண்டு

என் வேலுவுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன்மேல் எனக்கு இருக்கும் பொறாமை இன்னும் போகவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வது?

இங்கே செய்தி அதிகமில்லை. கம்மாபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் சுரங்கத்துக்காக அளந்து கல் நட்டிருக்கிறார்கள். நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் எல்லா வீடுகளுக்கும் மறுபடி வெள்ளை அடித்தார்கள். அதே மஞ்சள். நான் அப்பா வேலை பார்த்த ஆபீசிலேயே இருக்கிறேன். பம்பாய் இண்டர்வியூவிலிருந்து பதில் வரவே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாய். ஒரு தெரு தவறிப் போய், எங்கள் வீடென்று நினைத்து யார் வீட்டிலோ உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தாய். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து, நீ யாரப்பா என்று கேட்ட பிறகுதான் உனக்குத் தெரிந்தது. ஒரே வாசல், ஒரே ஜன்னல், ஒரே கொய்யா மரம். உன்மேல் என்ன தப்பு?

அந்தக் கதையைப் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் நீயும் சேர்ந்து சிரித்தாய். டவுன்ஷிப்பில் நான்தான் உனக்கு வழிகாட்டி. தெருவை எண்ணு, திரும்பு, வீட்டை எண்ணு. அவ்வளவுதான் வித்தை.

பிறகு நான் நகரங்களைப் பற்றிப் படிக்கப் போனேன். நீ நகரத்துக்கே போய்விட்டாய்.

சென்ற ஆண்டு இண்டர்வியூவுக்கு வந்தபோது தாதர் ஸ்டேஷனில் என் பெட்டியை நீ வாங்கிக்கொண்டாய். மூன்று நாள் நீ முன்னால், நான் பின்னால். மின்ரயிலில் எந்தப் பக்கம் நின்றால் இறங்க முடியும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. டீக்கடைக்காரர் மராத்தியில் உன்னைத் திட்டினார். நீயும் மராத்தியிலேயே திருப்பிக் கொடுத்தாய். கடையே சிரித்தது. என்ன சொன்னாய்? நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் புரியவில்லை என்று ஆகிவிடும்.

தாராவியில் பார்த்தவர்களிடமெல்லாம் என்னைப் பங்காளி என்றாய். டவுன்ஷிப்பில் உன்னை நான் என்னவென்று சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? கூடப் படிக்கிற பையன். கம்மாபுரம் பக்கம்.

மூன்றாம் நாள் காலை நீ தோல் பட்டறைக்குப் போயிருந்தாய். நானே சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். நெய்வேலிக்காரன் புத்தி, எண்ணிக்கொண்டே போனேன். திரும்பும்போது நாலாவது சந்து, வலது பக்கம், மூன்றாவது கதவு. அங்கே சந்துகள் எண்ணிக்கைக்குள் நிற்பதில்லை. ஒரு சந்து இரண்டாகப் பிரிகிறது. இன்னொன்று ஒரு வீட்டு அடுப்படியில் போய் முடிகிறது. எண்ணி வந்து கதவைத் தள்ளினேன். உள்ளே நாலு பெண்கள் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் அலைந்தேன். வேலு வீடு எது என்று ஒருவரைக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

கடைசியில் நீதான் தேடி வந்தாய். மோர்க் கதைக்கு இன்று வட்டியோடு சிரிப்பாய் என்று நின்றேன். நீ சிரிக்கவில்லை.

“இங்க எண்ணாத பங்காளி. நம்ம வூட்டாண்ட பேக்கரி, பிஸ்கட் வாசன வருதா? அதப் புடிச்சிக்கினே வா. வூடு வந்துடும்.”

நான் தொலைந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. உன் அறைக்காரர்களிடம்கூட. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, வேலு.

ரயிலில் ஏற்றிவிடும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று. “பாத்ததெல்லாம் அம்மாகிட்ட சொல்லு. பொங்கலுக்கு இங்க வரச் சொல்லிக்கினு இருக்கேன். அது பயந்துக்கினு கெடக்குது. நீ சொன்னா கெளம்பும்.”

சொன்னேன். ஒரே அறை, எட்டுப் பேர். சாக்கடை. தண்ணீருக்கு வரிசை. ஒன்றும் பொய்யில்லை. டீக்கடையைச் சொல்லவில்லை. கடலோரச் சுவரில் உட்கார்ந்து நாம் மக்காச்சோளம் தின்றதைச் சொல்லவில்லை. அந்த ஊர் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று சொல்லவில்லை. என்னை எந்த ஊர் அப்படிக் கூப்பிட்டது?

பிள்ளைக்கு நானும் ஒரு பாரமா என்று அம்மா போகாமல் இருந்துவிட்டார்கள்.

மாசியில் உனக்கு மஞ்சள் காமாலை. உன் கடிதங்கள் எங்கள் முகவரிக்குத்தானே வரும்? தந்தியும் அங்கேதான் வந்தது. சைக்கிளில் அதை எடுத்துக்கொண்டு கம்மாபுரம் போனவன் நான். உன் கூட்டாளிகள் அதற்குள் அங்கேயே எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ இருந்த ஊரையும் பார்க்கவில்லை. முதலாவதற்கு நான் காரணமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை வந்தபோது கை நின்றது. சந்தில் நான் தொலைந்ததைச் சொன்னபோது சிரித்தேவிட்டார்கள். உன் சிரிப்பு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. பிறகு கேட்டார்கள்.

“அப்பவே ஏன் தம்பி சொல்லல?”

“பொறாமைம்மா.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஐந்தாறு கொட்டை உடைத்தார்கள். பருப்பு ஒன்றுகூட முழுசாக வரவில்லை.

“டிக்கெட்டு எடு. நீயே இட்டுக்கினு போ.”

மன்னித்தார்களா? தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

வரும் மாதம் கூட்டிப் போகிறேன். தாதரில் இறங்கி, நீ போன வழியிலேயே. சந்துகளை எண்ண மாட்டேன். வழி தவறினால், அம்மாவின் பக்கத்தில் நின்றே, முதலில் வருகிறவரிடம் வேலு வீடு எது என்று கேட்பேன். அவருக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்பேன். நீங்கள் யார் என்று அவர் கேட்டால், நீ சொன்னதையே சொல்வேன்.

உன் பங்காளி,
குமரேசன்