இரண்டு சுவரில் இரண்டு மிளகாய்

மாமா, இன்றைக்கு வெள்ளனே கொல்லைக்குப் போய்க் குடைமிளகாய் ஒன்றைப் பறித்துப் பச்சையாகவே கடித்தேன். துளியும் காரமில்லை. அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சு ஊரைச் சுற்றினால் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். தராசைப் பிடித்தபடி நீங்களும் அப்படித்தான் பார்ப்பீர்கள்.

நீங்கள் ராவுத்தர், கடைவீதியில் காய்கறிக் கடை. நான் நாயுடுபுரத்தில் சின்னக் கொல்லை வைத்திருப்பவன். மாமா, மாப்ளே என்று எப்போது கூப்பிட ஆரம்பித்தோம் என்பது இருவருக்குமே ஞாபகமில்லை. ஒருநாள் பழுத்த குடைமிளகாய் ஒன்றைக் கொண்டுவந்து, "இதோட விதையப் போடு மாப்ளே. பங்களா துரைசாணிகளுக்கு இதுன்னா உசுரு" என்றீர்கள்.

நம் மலைக் குளிருக்குப் பூண்டு வரும், உருளைக்கிழங்கு வரும். மிளகாய்க்கு வெதுவெதுப்பு வேண்டும். என் கொல்லையில் அது கிடைத்த இடம் ஒன்றே ஒன்று: அடுப்பங்கரைச் சுவரின் வெளிப்பக்கம். உள்ளே அடுப்பெரிந்தால் வெளியே சுவர் சுடும். ஒருநாள் என் வீட்டுக்காரி காய்ச்சலில் படுத்திருந்தாள். அடுப்பு எரியவில்லையே என்று நான் செடியைப் பார்க்க ஓடினேன். அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் பேனாவை வைத்துவிட்டாள்.

அந்தச் சுவரோரம் ஏற்கெனவே வீட்டுக்கு வேண்டிய பச்சை மிளகாய் நின்றது. பக்கத்திலேயே குடைமிளகாயையும் நட்டேன். முதல் வருடக் காய் அருமை. அதிலிருந்தே விதையெடுத்து மறு வருடம் போட்டேன். சில செடிகளில் காய் கொஞ்சம் ஒல்லியாக வந்தது. குளிர்தான் காரணம் என்று நினைத்து உங்கள் கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் உங்கள் கடை வாசலில் பங்களா பட்லர் குதித்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

"கறி அடைச்சு வச்ச மிளகாயத் தின்னுட்டு துரைசாணி மூஞ்சி செவந்து கெடக்கு! எவன் தோட்டத்துக் காயிய்யா அது?"

நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"என் கடைக் காய்ங்க. என் பொறுப்பு."

"இனி ஒரு பங்களாவும் உம்ம கடைப்பக்கம் வராது. நான் பாத்துக்கிறேன்."

"ஞாயித்துக்கெழம விருந்துக்கு நானே கொண்டாறேன். ஒரு காய் ஒறச்சாலும் கடைய ஏறக்கட்டிடுறேன், போதுமா?"

அந்தக் கடைதான் உங்கள் வீட்டில் ஆறு பேருக்கும் சோறு. சனிக்கிழமை விடியும்போது நீங்கள் என் கொல்லையில் நின்றீர்கள்.

"இருவத்திமூணு செடி. செடிக்கு ஒரு காய் கடிப்போம். வெரசா வா மாப்ளே."

முதல் செடி இனிப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் உங்கள் கண் பிதுங்கியது. ஒன்பதாவது செடியில் எனக்கு மூச்சே நின்றது. காரச் செடிகளில் துணிக்கிழிசலைக் கட்டிக்கொண்டே போனோம். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்ட, இரண்டு பேரும் சுவரைப் பிடித்தபடி விசும்பினோம். வீட்டுக்காரி பதறியடித்து ஓடி வந்தாள்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தாயி, ஒம் புருசன் விவசாயம் பாத்திருக்கான்" என்றீர்கள்.

மொத்தம் ஒன்பது செடி காரம். ஆத்திரத்தில் நான் பிடுங்கப் போனேன். "காய்க்கிற செடிய ஏண்டா பிடுங்குற? அதுல பஜ்ஜி போடு" என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்புறம் அங்கேயே குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இங்கன பாரு. ஒரே வண்டு பச்ச மிளகாப் பூவுலயும் உக்காருது, இதுலயும் உக்காருது. ரெண்டையும் வெதையிலேயே ஒண்ணாக்கிப்புட்டது இதுதான். ரெண்டும் வேற வேற செவுத்துல நிக்கணும்."

"வேற சுவரு எனக்கு ஏது மாமா?"

"என் வீட்டு அடுப்பங்கரைச் செவுரு சும்மாதான கெடக்கு. பச்ச மிளகாய அங்க கொண்டாந்து நடு."

ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்தது. திங்கட்கிழமை பட்லர் வந்தார். நல்லதாக ஒரு வார்த்தை இல்லை. "நாளைக்கும் ஒரு கூடை வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் சிரிப்பு கடைவீதி முனைவரைக்கும் கேட்டது.

அன்றிலிருந்து குடைமிளகாய் என் சுவரில், பச்சை மிளகாய் உங்கள் சுவரில். பட்லர் ஊரைவிட்டுப் போகும்வரை அந்தக் காய் யார் தோட்டத்தது என்று நீங்கள் சொல்லவேயில்லை.

நீங்கள் மவுத்தான வருடம் நாற்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டில் போய்ச் சுவரைக் கேட்பதா என்று கூச்சம். நீங்கள் போய் நாலைந்து மாதம் ஆன அந்தச் சமயத்தில் உங்கள் மகள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, செவுரு சும்மா கெடக்கே, நாத்து எங்கன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

உங்கள் குரலேதான் அது. உடனே எழுந்து போனேன். குழி தோண்டுவதற்கு முன் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ உலை வைத்திருந்தார்கள். கை சுட்டது.

இந்த வருடமும் நட்டிருக்கிறேன், மாமா. நன்றாகப் பிடித்துக்கொண்டது.