ஆறுதலாகச் சாப்பிடச் சொன்னவனுக்கு

மல்லி,

இன்று மத்தியானம் ஒட்டுசுட்டானில் பஸ்ஸை நிறுத்தியதும், புதிதாக வந்திருக்கும் கொண்டக்டர் எனது சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து எஞ்சின் மூடிமேல் வைத்தான். சூட்டில் வாழையிலை வாடி மணம் எழும்பியது. நான் தொடாமல் இருந்தேன். "என்னண்ணை, கறி பழுதோ?" என்று கேட்டான். "இல்லையடா, மணந்து பாக்கிறன்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். உன்னை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான்.

நீ பதவியாப் பக்கத்து ஆள். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடும் எங்கள் பஸ்ஸில் நீ கொண்டக்டராக ஏறிய அன்றே உன்னை மல்லி என்று கூப்பிட்டேன். உங்கள் சிங்களத்தில் தம்பிக்கு உள்ள அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் எனக்கு வராது. உன் தமிழ் மரக்கறிக் கூடைகளோடு ஏறும் பெண்களிடம் பொறுக்கியது. அதனால் அதில் ஏச்சுக்குக் குறைவில்லை. வேலையில் சுழன்றடிப்பாய். சாப்பிட இருந்தால் மட்டும் மணவறை மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவாய். ஒரு வாய் வைத்தால் கையை மடிக்குக் கொண்டுபோவாய், அது முழுதாக இறங்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டாய். "மல்லி, நீ முடிக்கிறதுக்குள்ளை அடுத்த போகம் விளைஞ்சிடும்" என்று நக்கலடிப்பேன். அதற்குள் என் இலை துடைத்த மாதிரி இருக்கும்.

அப்போது என் வயிறு ஸ்ரியரிங்கில் முட்டும். லைசென்ஸ் புதுப்பிப்பதற்காக உடம்பைக் காட்டப் போனபோது டொக்டர் அம்மா, "சீனியும் கூட, பிரஷரும் கூட. உடம்பைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி நான் சைன் வைக்கமாட்டன்" என்றார். பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. பயந்துபோய்ப் பட்டினி கிடந்தேன். பகல் முழுவதும் வெறும் தேத்தண்ணி, இரவில் வீட்டுக்குப் போய்ச் சட்டியோடு வைத்து விழுங்குவது. ஒரு நாள் மாங்குளத்தில் கண் இருட்டி, பஸ்ஸை ஓரம் கட்டினேன். ரயர் சூடாகிவிட்டதென்று நீ சனத்துக்குப் பொய் சொன்னாய். உன் புத்தர் சொன்ன ஐந்து சீலங்களில் ஒன்று அன்றைக்கு எனக்காக உடைந்தது.

மறுநாள் நான் தொடமுன்பே என் பார்சலை இரண்டாகப் பகிர்ந்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சோத்தை எறியச் சொல்லுறியோ?" என்று சத்தம் போட்டேன். சண்டையின் கடைசிக் காலத்தில் கடற்கரையில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் நான். இலையில் ஒரு பருக்கை விட என்னால் முடியாது.

"எறிய வேண்டாம் அண்ணே. தொடமுதல் குடுங்கோ. தொட்டாப் பிறகு மனம் வராது" என்றாய். பாதி, பஸ் ஸ்ராண்டில் கச்சான் கடலை விற்கும் அம்மாவுக்குப் போனது.

உங்கள் ஊர் விகாரையில் பிக்கு சொல்லித் தந்ததாம். பசி வயிற்றிலா நாக்கிலா என்று முதலில் பார்க்க வேண்டும். சோறு வந்த வழியை நினைக்க வேண்டும். வயிற்றில் இடம் இருக்கும்போதே கை கழுவ வேண்டும். எனக்கோ புத்தர் என்றால் அதுவரை ஆமிக் காவலரணுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்தான். அவர் என் சோற்றைப் பற்றியும் யோசித்திருப்பார் என்று நான் எண்ணியதில்லை.

மிச்சப் பாதியையும் நான் அள்ளி அடைத்துக்கொண்டிருந்தபோது நீ மெதுவாகக் கேட்டாய். "அண்ணே, யார் துரத்துறது?"

வாயில் இருந்ததை விழுங்கினேன். பிறகு சொன்னேன், ஷெல் விழமுன் கஞ்சியைக் குடித்து முடிக்க வேண்டியிருந்த காலத்தை, முடிக்காமல் போனவர்களின் கோப்பைகள் மணலில் கிடந்ததை.  நீ எழும்பிப் போய் வாசல் மிதிபலகையில் குறுக்கே நின்றாய்.

"நான் இதிலை நிக்கிறன். ஒருத்தரும் வரமாட்டினம். ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

ஏற வந்தவர்களிடம், "டிரைவர் சாப்பிடுறார், கொஞ்சம் பொறுங்கோ" என்றாய். அவர்களும் வெயிலில் பொறுத்து நின்றார்கள்.

அன்றைக்குத்தான், ஐம்பது வயதில், சோறு மெல்ல மெல்ல இனிக்கும் என்று கண்டேன். முத்தையன்கட்டுத் தண்ணீர் பாயும் வயல்களைத் தினமும் கடந்து போகிறவன் நான். அந்தத் தண்ணீர், அந்த வெயில், யாரோ ஒருவர் யானைக்குக் காவலிருந்த இரவு எல்லாம் என் வாய்க்குள் வந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது, மல்லி. அந்தப் பாதிச் சோறே எனக்குத் தாராளமாகப் போதும் போல இருந்தது.

உடம்பு மெல்ல மெல்ல இறங்கியது. டொக்டர் அம்மா கையெழுத்து வைத்துவிட்டு, "என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். "கொண்டக்டர் வாசலிலை நிக்கிறார், டொக்டர்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

பிறகு உன் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உனக்குப் பால் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தேன். வழியில் சாப்பிட வாங்கிய பார்சல் பையில் இருந்தது. வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றிருந்தேன். வாழையிலை மணம் உன்னை எட்டிவிட்டது.

"இங்கை சாப்பிடுங்கோ" என்றாய், குரல் காற்றாக வந்தது. மாட்டேன் என்றேன். "பொறாமை இல்லை அண்ணே. நீங்க ருசிச்சா எனக்குச் சந்தோசம்."

பிரித்தேன். முதல் வாயை வைத்தேன்.

"என்ன கறி?"

"பருப்பு. பயத்தங்காய்."

"உப்பு?"

"அளவு."

கண்ணை மூடிக்கொண்டாய். நான் விழுங்கும்போதெல்லாம் உன் தொண்டையும் அசைந்தது. முகத்தில் ஏக்கம் இருக்குமோ என்று தேடினேன். கட்டிலில் கிடந்த நீ பசியாறிய முகத்தோடு இருந்தாய். வற்றாப்பளை அம்மனுக்கு முன்னால் எத்தனையோ தடவை கும்பிட்டு நின்றிருக்கிறேன். அப்படியொரு பயபக்தி எனக்கு அங்கேயும் வந்ததில்லை. அந்த மாதமே நீ போய்விட்டாய்.

இன்றைக்கும் தொடமுன் பாதியைக் கச்சான் அம்மாவுக்குக் கொடுத்தேன். "ஆக்கள் ஏறப்போகினம் அண்ணை, கெதியாச் சாப்பிடுங்கோ" என்றான் புதியவன். நான் மிதிபலகையைப் பார்த்தேன். முதல் வாயை வைத்துவிட்டுக் கையை மடிக்குக் கொண்டுபோனேன். அது இறங்கும்வரை ஒருவரும் ஏறவில்லை.