குதிரை கேட்ட அக்காவுக்கு

என் தனம் அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நைனா மறுபடி தறியில் உட்கார ஆரம்பித்துவிட்டார். அம்மா கிருத்திகைக்கு மட்டும் மலையேறிவிட்டு வருகிறாள். செஸ் பலகையை யாரும் எடுப்பதில்லை.

அரக்கோணத்தில் நடந்த வட்டாரச் சிறுவர் செஸ் போட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெண்கள் பிரிவில் கடைசி ஆட்டம் நமக்குள்ளேயே என்று ஆனபோது நீ சிரித்தாய். ஜெயிப்பவள் மெட்ராஸுக்கு ஆடப் போகலாம்.

மண்டபச் சுவரில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். நீ மூன்றாவதோடு தறிக்கு வந்தவள். ஏழாவது வரை படித்த என்னைக் கேட்டாய்.

"ஏண்டி, சிப்பாய் கடைசி வரிசைக்குப் போயிட்டா நம்ம வூட்டு ஆட்டம் மாதிரி தானே? குதிரை கட்டத்துல ஏறினா குதிரை, யானை கட்டத்துல ஏறினா யானை?"

எந்தக் கட்டமானாலும் ராணியே கேட்கலாம் என்று அதில் போட்டிருந்தது. சற்றுமுன்தான் படித்திருந்தேன்.

"ஆங்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எங்கே போனாலும் உன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருதரம் என் பெயரைக் கூப்பிடட்டும் என்று இருந்தது.

உன் சிப்பாய் குதிரைக் கட்டத்தில் ஏறியது. ராணி கேட்டிருந்தால் நான் அதோடு தீர்ந்திருப்பேன். நீ குதிரையை வைத்தாய். நான் ஜெயித்தேன்.

"ராணியே கேட்டிருக்கலாமேம்மா, குதிரை எதுக்கு?" என்றார் நடுவர். நீ என்னை ஒருமுறை பார்த்தாய்.

"மறந்துட்டேன் சார்" என்றாய்.

ரயிலில் நைனா உன்னை விடவில்லை. "ராணி வேணாம், குதிரை போதும்னு சொன்னவ உலகத்துலயே நீ ஒருத்தி தாம்மா!"

"குதிரை இருந்தா டிக்கெட் எடுக்கத் தேவையில்ல நைனா" என்று நீயும் சிரித்தாய். திருத்தணி வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். ஏன் அக்கா, தனியாக இருந்தபோதாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

மெட்ராஸில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தேன். அடுத்த மாதமே காமாலை உன்னைக் கொண்டுபோனது.

இப்போது நைனா பாதியில் தறியை நிறுத்திவிட்டு அழுகிறார். "மறந்துட்டான்னு பொண்ண அவ்ளோ கிண்டல் பண்ணேனே, அவளும் சிரிச்சிகினே வந்தாளே" என்கிறார். நேற்றும் சொன்னார். நான் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் அவர் தறியை விட்டு எழுந்ததும் சொல்லிவிடுவேன். "அவ மறக்கல நைனா. என்னைக் கேட்டா. நான்தான் பொய் சொன்னேன்." அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். அடிக்காமல் என்னைப் பார்த்தாலும், இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
வசந்தா