பெயருக்குப் பக்கத்தில் ஒரு நாடு

2013 மார்ச் 4, திங்கள்

விடியவே மழை. ஒபர்வில்லியே ஒஃபீசில் ஆறு மாடியும் ஈரச் சப்பாத்தோடை துடைச்சு முடிச்சன். பதினொரு மணிக்குக் கார்ஜிலை வீட்டுக்குத் திரும்பினால் தபால் பெட்டிக்குள் பிரிபெக்தூர், குடியுரிமைக் கந்தோர்க் கடிதம். படியிலை நிண்டே உடைச்சன்.

பிரெஞ்சுக் குடியுரிமை: இரண்டு வருசத்துக்குத் தள்ளிவைப்பு. காரணம், நிரந்தர வேலை இல்லை. மூண்டு மாதம், மூண்டு மாதமாய் ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சு ஐஞ்சு வருசம் துடைச்சது வேலை இல்லைப் போலை.

பதின்மூண்டு வயதிலை அப்பாவோடை இலங்கையிலிருந்து அகதியாய் இஞ்சை வந்தன். இப்ப இருபத்தைஞ்சு.

ஜூன் மாதம் பிரான்ஸ் அணிக்கு ஆள் எடுப்பினம். பெண்கள், அறுபது கிலோ. குடியுரிமை வந்தால் இடம் உனக்குத்தான் எண்டு கமெல் சொல்லியிருந்தார். என்ரை குத்துச்சண்டைப் பயிற்சியாளர். ஒரு வருசமாய் இடத்தைப் பிடிச்சு வைச்சிருந்தவர்.

அப்பா குசினியில் மீன் கழுவிக்கொண்டு என்ன கடிதம் எண்டு கேட்டார். கரண்ட் பில் எண்டன்.

மார்ச் 6, புதன்

கமெலிட்டைச் சொன்னன். என்ரை கைக்குத் துணி சுத்திக்கொண்டே இருந்தார். வலக்கைக்கு இரண்டுதரம் சுத்திப்போட்டார்.

பிறகு சொன்னார்: 24ஆம் திகதி ஞாயிறு பின்னேரம் ஸ்தேனில் ஒரு காட்சிப் போட்டி. கன நாட்டுப் பெண்கள் வருகினம். கனடாவிலிருந்து வாற கிளேர் எண்டவளுக்கு எதிராளி இல்லை, அவளோடை ஆட இருந்த பிள்ளைக்குக் கை முறிஞ்சிட்டுது. அதுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தேவையில்லை. அணித் தேர்வாளர்களும் வந்து பார்ப்பினம். நல்லாய் அடிச்சால் உன்ரை பேரை மறக்க மாட்டினம்.

ஒரு பத்திரம் நிரப்பவேணும். பெயர், எடை, ஆடின போட்டிகள், நாடு. வளையத்துக்குள் ஏறேக்கை பெரிய திரையிலை அந்த நாட்டுக் கொடி வரும். வெண்டவளுக்குத் தேசிய கீதம்.

"இலங்கை எண்டு போடட்டோ?" எண்டார். எடை கேட்ட மாதிரித்தான் கேட்டார். அவரிலை பிழையில்லை.

பிறகு சொல்லுறன் எண்டு வந்திட்டன்.

மார்ச் 9, சனி

வெயில், ஆனால் குளிர். அப்பாவுக்கு இரண்டையும் சொன்னன். கடிதத்தையும் பத்திரத்தையும்.

கடிதத்தை மடிச்சுத் திருப்பித் தந்தார். பத்திரத்துக்குத்தான், "அந்தக் கொடியோ?" எண்டார். பிறகு சாப்பிடேல்லை.

அண்ணா ரமணன் வன்னியிலை நிண்டவன். 2009 ஏப்ரலில் கடைசியாய்ப் போன் எடுத்தவன். லைன் சரியில்லை, அப்பா சாப்பிட்டவரோ எண்டு கேட்டது மட்டும் விளங்கிச்சு. மே மாதம் சண்டை முடிஞ்ச பிறகு ஒரு செய்தியும் இல்லை. உயிரோடையோ இல்லையோ எண்டு ஒரு அரசாங்கமும் எழுதித் தரேல்லை.

பத்திரத்திலை நான் எழுதக்கூடியது:
பிரான்ஸ் – இரண்டு வருசம் பொறு.
இலங்கை – கை வராது. அகதி அட்டையோடை அந்த நாட்டுக்காரியாய் நிண்டால், பிறகு என்ன பயம் எண்டு அட்டையையும் திருப்பிக் கேப்பாங்களோ தெரியாது.
தமிழீழம் – ஒழுங்குசெய்யிறவர் சிரிப்பார். அல்லது அரசியல் எண்டு பேரை வெட்டுவார்.
அகதி – அது நாடில்லை.

ஒரு மணித்தியாலம் கழிச்சு அப்பா வந்து கேட்டார், ஏறாமல் விட ஏலாதோ எண்டு. ஏலாது எண்டன். பன்ரெண்டு வருசத்திலை நானாய்ச் சம்பாதிச்ச ஒரே இடம் அந்த வளையம்.

மார்ச் 13, புதன்

இலங்கை வேண்டாம் எண்டு கமெலிட்டைச் சொன்னன், ஒழுங்குசெய்யிறவரோடை கதைச்சுச் சரிப்பண்ணியிட்டார். நாடு எண்ட இடத்திலை ஒரு கோடு மட்டும். கொடியில்லை. பெயருக்குப் பக்கத்திலை ஒபர்வில்லியே கிளப் எண்டு வரும். நிம்மதி.

கிளேர் எங்கடை கிளப்புக்கே பயிற்சிக்கு வந்திட்டாள். நீளக் கை. நகமெல்லாம் கடிச்சுக் கடிச்சு இல்லை. அரைகுறை இங்கிலிசிலை கதைச்சம்.

பிறந்தது அயர்லாந்து. பதினொரு வயதிலை தாயோடை கனடா போனவள். பதினெட்டிலை திரும்பிப்போய் அயர்லாந்து அணியிலை கேட்டிருக்கிறாள், எடுக்கேல்லை. கனடா எடுத்திச்சு. இப்ப வெல்லுறாள் எண்டதும் இரண்டு பக்கமும் சண்டை. போனைக் காட்டினாள். அயர்லாந்துக்காரர் துரோகி எண்டு எழுதியிருக்கினம். கனடாக்காரர், இவளின்ரை பேச்சைக் கேளுங்கோ, எங்கடை ஆளில்லை எண்டு. போன மார்கழியிலை ஒரு ஐரிஷ் பெட்டையை வெண்டவள். அண்டையிலிருந்து அயர்லாந்திலை இருக்கிற தகப்பன் போன் எடுக்கிறேல்லையாம்.

சொல்லிப்போட்டு கையிலை சுத்தின துணியாலை கண்ணைத் துடைச்சாள்.

எனக்கு அவளிலை பொறாமை வந்திச்சு. எழுத வெக்கமாய்க் கிடக்கு, ஆனால் வந்திச்சு. ஏசுறதுக்கெண்டாலும் அவளுக்கு இரண்டு நாடு.

பிறகு மூண்டு ரவுண்ட் பழகினம். தாடையிலை ஒரு இடக்கை. இப்பவும் மெல்ல ஏலாமல் கிடக்கு.

மார்ச் 16, சனி

லா சப்பல், எங்கடை ஆக்களின்ரை கடைத்தெரு. சிவம் அண்ணை தன்ரை பலசரக்குக் கடைக் கண்ணாடியிலை என்ரை படத்தை ஒட்டியிருக்கிறார். கையுறையோடை நிக்கிற படம். சங்கத்திலையும் அவர்தான் முன்னுக்கு நிக்கிறவர். கார்ஜ், ஸ்தேன் எல்லா இடத்திலையுமிருந்து நூறு பேரைக் கூட்டிவாறன் எண்டார். திரையிலை என்ன வரும் எண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார். கிளப் பேர் மட்டும், கொடியில்லை எண்டு சொன்னன்.

"அப்ப சரி தங்கச்சி. எங்கடை பிள்ளை நீர்."

கறிவேப்பிலை, கத்தரிக்காய், சம்பா அரிசி. மெட்ரோப் படி ஏறேக்கை காரணமில்லாமல் சிரிப்பு வந்திச்சு. ஒரு பத்து நிமிசம் சந்தோசம்.

எடை 60.4. அரிசி நாளைக்கு இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

இடது கண் மூடிக்கிடக்கு. ஒரு கண்ணாலை எழுதுறன்.

அறிவிப்பாளன் என்ரை பேரை வாசிச்சான். வளையத்துக்குள் ஏறினன். எங்கடை சனம் எழும்பிக் கைதட்டினது. உடனை அவன், "ஸ்ரீலங்கா" எண்டான். திரும்பிப் பார்த்தன். திரை முழுக்கச் சிங்கக்கொடி.

அலுவலகத்திலை ஆரோ என்ரை அகதி அட்டையைப் பார்த்துப் பதிஞ்சிருக்கினம். வெறுங்கோட்டைப் பார்த்து, நாட்டை எழுத மறந்துபோச்செண்டு நினைச்சுத் தாங்களாய் நிரப்பியிருக்கினம். பிறகு கமெல் விசாரிச்சுச் சொன்னது. கெட்ட எண்ணமில்லையாம்.

கைதட்டு அப்பிடியே நிண்டுபோச்சு. ஒரு விசில். பிறகு கதிரைகள் இழுபடுற சத்தம். முதலாவதாய் எழும்பிப் போனது சிவம் அண்ணை. அவருக்குப் பின்னாலை வரிசை வரிசையாய். கமெல் மேசைக்காரரோடை கத்திக்கொண்டு நிண்டார். நான் அப்பாவைத் தேடினன். மூண்டாவது வரிசை. இரண்டு பக்கமும் வெறுங்கதிரை. கோட்டும் கழட்டாமல் நடுவிலை இருந்தார்.

மணி அடிச்சிட்டுது.

முதல் ரவுண்டிலை அவளின்ரை கை ஒண்டும் எனக்குத் தெரியேல்லை. இரண்டாவது, கண் வெடிச்சுது. மூண்டாவதிலை எனக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது, கயித்தோடை சேர்த்து அடிச்சன், அவளின்ரை முழங்கால் மடிஞ்சுது. நாலாவதும் எனக்குத்தான் எண்டு கமெல் சொல்லுறார். மூண்டு நடுவர். இரண்டு பேர் அவளுக்கு, ஒராள் எனக்கு.

கனடாக் கீதம் போடேக்கை பின்வரிசையிலை இருந்த கொஞ்ச ஐரிஷ்காரர் கூவத் தொடங்கினாங்கள். கீதம் முடியுமட்டும் விடேல்லை. கிளேர் நேரை பார்த்துக்கொண்டு நிண்டாள். என்ரை கையை இறுக்கிப் பிடிச்சிருந்தாள், கையுறையோடை. அவளுக்குக் கூக்குரல், எனக்கு வெறுங்கதிரை. வெண்டது ஆர் எண்டு ஆராவது வெளியிலையிருந்து வந்து பார்த்தால் விளங்கியிராது.

தேர்வாளர்கள் என்னோடை கதைக்காமல் போயிட்டினம்.

மார்ச் 26, செவ்வாய்

இணையத்திலை எல்லா இடத்திலையும் படம். நான், எனக்குப் பின்னாலை சிங்கம். "அண்ணன் செத்த மண்ணை மிதிச்சு ஏறினவள்" எண்டு ஒருத்தர். கீழை இருநூறு பேர் சரி எண்டு போட்டிருக்கினம். அண்ணா செத்தவன் எண்டு இவைக்கு ஆர் சொன்னது?

கொழும்புப் பத்திரிகை ஒண்டு, தங்கடை நாட்டு வீராங்கனை எண்டு போட்டிருக்கு. அதுதான் கூடச் சுட்டுது.

கடைக் கண்ணாடியிலை படம் கிழிச்சாச்சாம். ஒழுங்கமைப்பாளரிட்டை மன்னிப்புக் கடிதம் வாங்கித் தாறன் எண்டு கமெல் போன். ஆருக்குக் காட்ட?

பயிற்சிக்குப் போகேல்லை. வேலையிலை ஆறாம் மாடியை இரண்டுதரம் துடைச்சன். யன்னல் திறந்து கிடந்தது. அதிலை கன நேரம் நிண்டன். கீழை பஸ் போய்க்கொண்டிருந்தது. பிறகு யன்னலைச் சாத்திப்போட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினன்.

மார்ச் 30, சனி

தூறல். அப்பா பத்து மணிக்கு, வாறன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவர். இரண்டு மணியாகியும் இல்லை. போன் எடுக்கேல்லை. லா சப்பலுக்குத்தான் போயிருப்பார் எண்டு பட்டுது. RER ரெயின் பிடிச்சு கார் து நோர் ஸ்டேசன், அங்கையிருந்து ஓட்டமும் நடையும்.

சிவம் அண்ணையின்ரை கடை வாசல். அப்பா குடையில்லாமல் நிக்கிறார். வாசலிலை நாலைஞ்சு பேர். சிவம் அண்ணை கல்லாவிலை குனிஞ்சபடி. பிழையாய்ப் பதிஞ்ச கதையை அப்பா காலமையிலிருந்து கடை கடையாய்ச் சொல்லிக்கொண்டு வாறாராம். பக்கத்துக் கடைப் பெடியன் சொன்னான்.

அப்பா என்னைப் பார்க்கேல்லை. கத்தவுமில்லை. பிரிபெக்தூர் யன்னலிலை கதைக்கிற மாதிரி, தாழ்மையாய்:

"தம்பி, பிரான்ஸ் இவளைத் தன்ரை ஆளில்லை எண்டிட்டுது. இலங்கையை நாங்கள் எங்கடை எண்டு சொல்ல ஏலாது. இப்ப நீங்களும் இல்லை எண்டுறியள். அப்ப இவள் ஆரின்ரை பிள்ளை எண்டு சொல்லுங்கோ. நான் போய் அதை எழுதிக்குடுக்கிறன்."

ஒராள் மழையைப் பார்த்தார். சிவம் அண்ணை கல்லாவைத் திறந்து திரும்ப மூடினார்.

கிட்டப்போய்க் கையைப் பிடிச்சன். குளிர்ந்து விறைச்சுப்போய்க் கிடந்தது. வாங்கோ அப்பா எண்டன். இழுக்காமலே வந்தார்.

ரெயினிலை பக்கத்திலை இருந்தார். ஸ்தாத் து பிரான்ஸ் ஸ்டேசன் தாண்டிச்சு. பிறகு என்ரை வீங்கின கண்ணைப் பார்த்தார். பெட்டையள் அடிபடுறதைப் பார்க்க ஏலாது எண்டு இவ்வளவு வருசத்திலை ஒருக்காலும் காயத்தைப் பார்க்காத மனிசன்.

"நோகுதோ?"

ஓம் எண்டன்.