வெயில் காட்டின வைன்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
29.01.2025

அன்பு மகன் யதுர்சனுக்கு,

அம்மா எழுதிறன். நான் சுகம். நீ சுகமா எண்டு கேக்கமாட்டன்; பொங்கலுக்கும் வராமல் நிக்கிற பிள்ளை சுகமாத்தான் இருக்கும். போனில கதைச்சால் "டியூட்டியில நிக்கிறன் அம்மா" எண்டு வைக்கிறாய். கடிதத்தை அப்பிடி வைக்க ஏலாது. முழுக்க வாசி.

உப்புவெளியில பார் அனுமதியோட நான் எடுத்த கெஸ்ட் ஹவுஸ் தெரியும்தானே. பழைய முதலாளி அங்க ஒரு ஏசி அறைக்குள்ள ஐஞ்சு பெட்டி சிவப்பு வைன் விட்டிட்டுப் போயிருக்கிறார். பிரான்ஸ் சாமான், 2009ஆம் ஆண்டு. கிடக்கக் கிடக்க விலை ஏறுமாம். நம்பக் கஷ்டமாக் கிடக்கு. என்ர சப்ளைக் கடைத் தொழிலில கிடக்கிற சாமானெல்லாம் விலை இறங்கிறதுதான்.

கதை இதுதான். வாற மாச முடிவில ஒரு உல்லாசக் கப்பல் துறைமுகத்துக்கு வருது. அதின்ர சாப்பாட்டுப் பொறுப்பாளர் முன்னுக்கே வந்து இஞ்ச நிக்கிறார். பழைய சிவப்பு வைன் கேக்கிறார். வைன் படிச்ச ஒராள் ருசி பாத்து, நல்லா முதிர்ந்திருக்கு எண்டு எழுதித் தந்தால் ஐஞ்சு பெட்டியும் எடுப்பாராம். வைன் பெரிய விசயமில்லை. அவருக்கு மனம் நிறைஞ்சால், அந்தக் கொம்பனிக் கப்பல்களுக்கு இந்த வருசம் முழுக்க மரக்கறி, மீன், அரிசி எல்லாம் நான்தான். அப்பிடிக் கப்பல் வியாபாரம் வரும் எண்டு நம்பித்தான் கெஸ்ட் ஹவுஸுக்கே கை வச்சனான்.

படிச்ச ஆள் என்ர வயித்தில பிறந்ததே இருக்கு எண்டு சொல்லிப்போட்டன். சொந்தக்காரரிட்ட நீ கொழும்பில கணக்கு வேலை எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். குடிவகையை மணந்து பாக்கச் சம்பளம் குடுப்பாங்கள் எண்டால் ஆர் நம்பும்? பரவாயில்லை, இண்டைக்கு அந்த மூக்கு எனக்கு உதவட்டும்.

சுகிர்தன்ர மீன் லொறியில ஒரு போத்தல் வருது, ஐஸுக்குள்ள புதைச்சபடி. ருசி பார். ரெண்டு வரி எழுது.

பாசத்தோட,
அம்மா


கொழும்பு
03.02.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

போத்தல் உடையாமல் வந்தது. லேபலில் பாரைமீன் மணம். எங்கள் ஹோட்டலில் வைனுக்குப் பொறுப்பான சீஃப் "இது எந்தக் கடலில் விளைஞ்ச திராட்சை?" எண்டு கேட்டார்.

ரெண்டு நாள் நிமிர்த்தி வச்சு, மண்டி அடியில் இறங்கின பிறகுதான் திறந்தனான். கிளாஸை வெள்ளைத் துணிக்கு மேலே சரிச்சுப் பார்த்தால் ஓரத்தில் செங்கல் நிறம். அந்த வயசு வைனுக்கு அது சரியான நிறம். அதைக் கண்டதும் எனக்குச் சந்தோசம், அம்மா. உங்களுக்கு நல்ல பதில் எழுதலாம் எண்டு நினைச்சனான்.

பிறகு மணந்தனான். முதிர்ந்த வைனில் காய்ஞ்ச இலை, புகையிலை, பழைய தோல், இப்படி ஒண்டுக்குப் பின்னால் ஒண்டாக வரவேணும். இதில் அடிப்பிடிச்ச ஜாம் மட்டும்தான் வந்தது. வாயில் வச்சால் முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, அதுக்குப் பிறகு ஒண்டுமே இல்லை. தக்கை வெளியே தள்ளிக்கொண்டு நிண்டது. அதின் பக்கத்தால் வைன் கசிஞ்ச கறையும் இருக்கு.

வயசு போன வைன் வேற, வெந்துபோன வைன் வேற. இது வெந்தது. பேர் சொல்லாமல் சீஃபுக்கும் ஊத்திக் குடுத்தனான். அவரும் அதையே சொன்னார்.

கோபப்படாமல் ஒண்டு சொல்லுங்கோ: இதுக்கு எப்பவாவது வெயில் பட்டதா?

அன்புடன்,
யதுர்சன்


திருகோணமலை
06.02.2025

மகன்,

பட்டதுதான். நான்தான் காட்டினனான். அதுக்கு இப்ப என்ன?

இந்த மாரிக்கு ஏசி பழுதாகி, அறைக்குள்ள தண்ணி இறங்கி, லேபலெல்லாம் பூஞ்சணம். மழை விட்டதும் கடையில வேலை செய்யிற நல்லம்மாவைக் கொண்டு எல்லாத்தையும் வீட்டு முத்தத்தில பரப்பினனான். செத்தல் மிளகாய், மாசிக் கருவாடு, பருப்பு, அதுகளோட வைனும். மூண்டு நாள் நல்ல வெயில். மாரி முடிய வெயில் காட்டாத சாமானை இந்தத் துறைமுக வீதியில ஆர் விக்கிறான்? சீலையால பூஞ்சணம் துடைச்சு, மினுக்கி அடுக்கினது. உன்ர கண்ணுக்கு அது குற்றமாப் போச்சு.

நானும் நாக்கில வச்சுப் பாத்தனான். வாழ்க்கையில முதல் தரம். குசினித் தொட்டிக்குள்ள துப்பினாலும் ருசி தெரியும்தானே. இனிப்பும் புளிப்புமா நல்லாத்தான் கிடந்தது. கப்பலில வாறவன் கடலைப் பாத்துக்கொண்டு குடிக்கப்போறான். உன்னை மாதிரிச் சரிச்சுப் பாத்துக்கொண்டா இருக்கப்போறான்?

மறைக்காமல் சொல்லுறன். உன்ர பதில் வரமுதலே, கடையில கணக்கெழுதிற பிரசாந்தினியைக் கொண்டு இங்கிலீசில ஒரு கடிதம் அடிப்பிச்சு, கீழ உன்ர பேரைப் போட்டு, கையெழுத்தும் நானே வச்சுக் குடுத்திட்டன். உன்ர அப்பா போன பிறகு உன்ர பள்ளிக்கூட ரிப்போட்டுக்கெல்லாம் ஆர் கையெழுத்து வச்சது? அதைப்போலத்தான் இதுவும். அந்தப் பொறுப்பாளர் உனக்குப் போன் எடுப்பார். "ஓம், நான்தான் எழுதினது" எண்டால் காணும். ஒரு சொல்லு.

மூண்டு போத்தல் அனுப்புறன். லேபலைக் கிழிச்சுப்போட்டன். கழுத்தில சிவப்பு, மஞ்சள், கறுப்பு நூல் கட்டியிருக்கு. மூண்டையும் பார். அதுக்குப் பிறகும் வாய் இருந்தால் கதை.

அம்மா


கொழும்பு
11.02.2025

அம்மா,

சிவப்பு நூல் வெந்தது. கறுப்பு நூலும் வெந்தது.

மஞ்சள் நூல் வெயிலைக் காணேல்லை. ஊத்தின உடனே மூக்கைக் கிட்டக் கொண்டுபோக முதலே தெரிஞ்சுது. காய்ஞ்ச இலை, ஈர விறகு, அதுக்குள்ளே எங்கேயோ இன்னும் பழம். இளசில் பாக்கு மாதிரி இருந்த துவர்ப்பு இப்ப பட்டு மாதிரி இறங்கியிருக்கு. விழுங்கின பிறகும் கனநேரம் வாயை விட்டுப் போகேல்லை. சீஃப் கிளாஸை ரெண்டாம் தரமும் நீட்டினார். இன்னும் ரெண்டு மூண்டு வருசம் தாங்கும், அதுக்கு மேலே வைக்கக்கூடாது.

என்னைச் சோதிக்கத்தான் நூல் கட்டினீங்கள் எண்டு விளங்குது. அது எனக்குக் கோபமில்லை. கடிதம்தான் கோபம்.

இந்த வேலையில் எனக்குக் கடையும் இல்லை, லொறியும் இல்லை. நான் நல்லது எண்டால் நல்லது எண்டு நாலு பேர் நம்புறதுதான் என்ர முழுச் சொத்தும். அதைக் கேக்காமலே எடுத்து வித்திட்டீங்கள்.

அவர் நேற்று மூண்டு தரம் போன் எடுத்தவர். நான் எடுக்கேல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எடுக்கமாட்டன். அதுக்குள்ளே கடிதத்தைத் திருப்பி வாங்குங்கோ. பிறகு எடுத்தால், நான் எழுதேல்லை எண்டு சொல்லுவன். அப்ப ஆர் கையெழுத்து எண்டு கேப்பார். அதுக்கும் எனக்குப் பொய் சொல்ல ஏலாது, அம்மா.

யதுர்சன்


திருகோணமலை
16.02.2025

யதுர்சனுக்கு,

ஐஞ்சு பெட்டியில ஒண்டின்ர அடி தண்ணியில உக்கிப்போச்சு. தூக்கினால் கொட்டுப்படும் எண்டு நல்லம்மா உள்ளுக்கே விட்டவள். மஞ்சள் நூல் அந்தப் பெட்டி. வேலைக்குப் போன இடத்தில பெரியாளாகி, தாயைக் குறை பிடிக்கக் கதைக்கிறியோ எண்டு நினைச்சுத்தான் மூண்டு போத்தல் அனுப்பினனான். நீ அதைச் சரியாப் பிடிச்சிட்டாய்.

வெள்ளிக்கிழமை காலமை போனனான். "கடிதத்தைத் தாங்கோ, இது என்ர மகன் எழுதினதில்லை, நான் எழுதினது" எண்டன். அந்த மனிசன் என்னை ஒருக்காப் பாத்தார், கடிதத்தை ஒருக்காப் பாத்தார். "அப்ப மகன் என்ன சொன்னவர்?" எண்டு கேட்டார். நாலு பெட்டி பழுது, ஒரு பெட்டி அருமை எண்டு சொன்னன். அந்த ஒண்டைத் திறந்து குடிச்சுப் பாத்தார். அது மட்டும் காணும் எண்டு எடுத்திட்டார்.

வருசச் சப்ளை இல்லை. கையெழுத்தை மாத்தி வைக்கிற ஆள் மீன் நிறுக்கேக்க என்ன செய்வாள் எண்டு சிரிச்சுக்கொண்டுதான் கேட்டார். நானெண்டாலும் அதைத்தான் கேட்டிருப்பன்.

உன்னில கோபம் போகேல்லை. போச்சு எண்டு எழுதினால் அது பொய். கெஸ்ட் ஹவுஸை நான் வச்சிருப்பனோ விடுவனோ தெரியாது. நீ போன் எடுக்காமல் நிண்ட நாளெல்லாம் உன்னைத் திட்டினனான். ஆனால் நீ எடுத்து "ஓம்" எண்டிருந்தால், பிறகு உன்ர எந்தச் சொல்லை நான் நம்பிறது? அதையும் யோசிச்சனான்.

நாலு பெட்டியும் இன்னும் கிடக்கு. நிலாவெளியில ஒரு ஹோட்டல்காரன் ஒண்டும் கேளாமல் எடுக்க நிக்கிறான். வாயைத் திறந்து நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. வியாழக்கிழமை அவனுக்குப் பதில் சொல்லவேணும். குடுக்கத்தான் எனக்கு விருப்பம், மறைக்கேல்லை.

நீ புதன்கிழமை வா. ஒவ்வொண்டாத் திறந்து பார். நல்லதை நல்லதெண்டு சொல்லு. கூடாததைக் கிணத்தடியில ஊத்துவம், நானே ஊத்துவன். கடிதத்தில எழுதி அனுப்பாதை. எனக்குப் பக்கத்தில நிண்டு சொல்லு, அப்பத்தான் நான் கேப்பன்.

அம்மா