வந்து உட்கார ஓர் இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். நீ, அண்ணன், அண்ணி எல்லோரும் நலம்தானே? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை வைத்து அழகு பார்க்கிறாயா?

"என்னை எரிப்பீங்களா, புதைப்பீங்களா? இப்பவே சொல்லிடுங்கடா" என்று போனில் கேட்டாய். "எரிச்சிடலாம், அதுதான் சுலபம்" என்றான் அண்ணன். நான் மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்: புதைக்கத்தான் வேண்டும்.

என் அறையில் இருக்கும் கிரேன்காரர் போன வாரம்தான் ஊரிலிருந்து திரும்பினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அவருடைய அம்மாவை எரித்து, சாம்பலைச் சொம்பில் எடுத்து வைத்திருந்தார்களாம். "தினமும் டன் கணக்குல தூக்குறேன். எங்கம்மாவத் தூக்கினேன், கனமே இல்லப்பா" என்றார். நீ கவலைப்படாதே, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்.

எனக்குச் சொம்பு வேண்டாம். எவ்வளவு தாமதமாக வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து உன்னோடு பேச ஓர் இடம் வேண்டும். அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிடு.

அறையில் ஏசி குளிர் தாங்கவில்லை. போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். லீவு கிடைத்ததும் வந்துவிடுவேன். அதுவரை நீ எதற்கும் அவசரப்படாதே.

உன் சின்னவன்