போனை ஏன் கொடுத்தாள்

காயல்பட்டணம்,
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பிற்குரிய மருமகன் அஃப்ஸல் அவர்களுக்கு மாமா நூஹு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். சவூதி தம்மாமில் நீங்கள் உடல் சுகத்தோடு இருக்க துஆச் செய்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுத கை வரவில்லை.

என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் எழுதுகிறேன். தடுக்காவிட்டாலும் இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன். லீவு முடிந்து அங்கே திரும்பும் அம்ஜத்திடம் கவரை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள். படம் பிடித்து யாருக்கும் அனுப்பிவிட வேண்டாம்.

புதன்கிழமை உங்கள் கூடப்பிறந்த காக்கா வந்தார். டீயைத் தொடவில்லை. தம்பி அவன் சாமானை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கான் மாமா, நான் என்ன செய்ய என்றார். நம் ஊரில் மாப்பிள்ளையின் பெட்டி பெண் வீட்டு அறையை விட்டு வெளியே போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், தலாக். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது வாசலில் நின்று, அந்தப் போட்டோ அவனுக்கு மட்டும் அனுப்புனது மாமா, அது எப்படி ஊர் குரூப்புக்கு வந்துச்சு, பக்கத்துலயே அவ வேற ஒருத்தன்கிட்ட போன்ல எழுதிப் பேசுனதும் இருக்கே என்று கேட்டார். என் பிள்ளை ஜஹ்ரா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்பேன். பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இன்று சொந்தப் பொறுப்பில் மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு ஏற்றுகிறவன் நான். எனக்கென்று கட்டி அனுப்பின சரக்கு இன்னொருவன் கடையில் பிரிந்து கிடந்தால் முதலில் அனுப்பினவன் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் அதோடு நின்றுவிட மாட்டேன். நடுவில் அது யார் கையில் இருந்தது என்று பார்ப்பேன். அதைப் பார்க்கத்தான், காக்கா வருவதற்கு முன்பே, படம் வெளியானதுமே அவள் வேலை செய்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் மணி முடிவதற்குள் பிள்ளைகளின் வருகையை டீச்சர்கள் போனில் ஏற்றிவிட வேண்டும். தாமதமானால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். வகுப்பறைக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் எடுக்கும். பாடத்தை விட்டுவிட்டுப் போக முடியாததால் போனின் பூட்டைத் திறந்து அதை கிளாஸ் லீடர் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ஜஹ்ரா மட்டுமில்லை, எல்லாரும். நான் போன அன்றைக்கும் தொட்டியடியில் நாலைந்து பையன்கள் டீச்சர்மாரின் போனை வைத்து நின்றிருந்தார்கள். ஒருவன் ஏதோ பார்த்துச் சிரித்தான். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டான்.

பெருநாளன்று உங்கள் அறையில், தலைமுடியை விரித்துப் போட்டு, நீங்கள் அனுப்பிய நீலச் சேலையில் அவள் எடுத்த படம் அந்தப் போனில்தான் இருந்தது. அவள் வகுப்பு லீடர் அதைத் தன் நம்பருக்கு அனுப்பிக்கொண்டு, அனுப்பியதை அழித்திருக்கிறான். அந்தப் பேச்சும் அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து போலியாகச் செய்ததுதான். முதல் விசாரணையில் தலைமையாசிரியர் ஃபிராங்க்ளின் சார் முன்னால் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். விளையாட்டுக்குச் செஞ்சோம் சார் என்றானாம்.

அங்கேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனது அந்த மனிதரால். கெட்டவர் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். பையனைப் பிடிப்பதற்கு முன்னால், இது யார் வேலை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும் என்று எழுதி பையன்களிடையே சுற்றித் தன் கைக்கு வந்த அந்தப் படத்தையும் பேச்சையும் அப்படியே டீச்சர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து ஒரு டீச்சரின் வீட்டுக்காரர், அவரிடமிருந்து வளைகுடாவில் இருக்கும் இன்னொருவர், பிறகு நம் ஊர் குரூப். உங்கள் கைக்கு அது வந்த வழி அதுதான் மாப்பிள்ளை. பையன்கள் அனுப்பி வரவில்லை, தலைமையாசிரியர் அனுப்பி வந்தது.

அது போதாதென்று, டீச்சர் மானம் போயிரக் கூடாது என்று சொல்லி, பையன்களின் போன்களை வாங்கி மொபைல் கடைக்காரரை வரவழைத்து ஒன்று விடாமல் சுத்தமாக அழிக்க வைத்தார். ஜஹ்ராவின் போனையும்தான். எனக்கு போன் செய்து, ஒரு தடயம் இல்லாம ஆக்கிட்டேன் பாய், நிம்மதியா இருங்க என்றார். நானும் அவருக்கு நன்றி சொன்னேன்.

புகார் கொடுக்கப் போனபோதுதான் புரிந்தது. சைபர் கிரைமில் ரேச்சல் என்று ஒரு எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். அழிச்சிட்டீங்களே பாய், இனி நான் எதை வச்சு நிரூபிக்க என்றார். போனை அணைத்து அப்படியே கொண்டுவந்திருக்க வேண்டுமாம். படத்தை விசாரிக்கிறேன் என்று இன்னொருவருக்கு அனுப்புவதே குற்றமாம். போன்களை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், மாதக்கணக்காகும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தடயம் போன செய்தி தெரிந்ததும் பையனின் அப்பா லிங்கராஜ் மாறிவிட்டார். உப்பு லாரி ஓட்டுகிறவர், எனக்குப் பழக்கமானவர்தான். பேசித் தீர்க்கலாம் என்று போனேன். எம் பிள்ள ஒண்ணும் செய்யல அண்ணாச்சி, மிரட்டி சொல்ல வச்சிருக்காவ என்றார். பிறகு, அது கெடக்கட்டும், உங்க பிள்ள போனை ஏன் குடுத்தா என்று கேட்டார். தெருவில் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். எடுத்தவனை யாரும் கேட்கவில்லை, கொடுத்தவளைத்தான் கேட்கிறார்கள்.

விடக் கூடாது என்று அந்த எஸ்.ஐ. அம்மாவைக் கெஞ்சி ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்துவந்தேன். டீச்சர்களுக்கு ஒரு வகுப்பு. என் மகளுக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்காமலாவது போகட்டும் என்று. அவர் தன் போனில் ஒரு போலிப் பேச்சை அங்கேயே உருவாக்கிக் காட்டினார். ஃபிராங்க்ளின் சார் எல்லாருக்கும் ஒரு மாதம் லீவு கொடுத்ததாக அதில் இருந்தது. டீ ஆறுவதற்குள் செய்து முடித்துவிட்டார். சிரிப்பு அடங்க நேரமானது. வேண்டுமானால் அம்ஜத் உங்கள் கண் முன்னாலேயே ஒன்று செய்து காட்டுவான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வாத்தியார் எழுந்து, அட்டெண்டன்ஸ் போடலன்னா ஆபீஸ்ல இருந்து போன் வருது, போனைக் குடுத்தா போலீஸ் வருது, நாங்க எங்கனதான் போவ மேடம் என்றார். அதற்கும் சிரித்தார்கள். கிருபாபாய் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அப்ப ஜஹ்ரா மேல தப்பில்லன்னு அவ வீட்டுக்காரருக்கு நாம எழுதிக் குடுப்போமே சார் என்று கேட்டார். ஃபிராங்க்ளின் சார் தரையைப் பார்த்தார். நிர்வாகத்துல பேப்பர்ல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க டீச்சர் என்றார்.

திங்கள்கிழமை அந்த வழியாகப் போனேன். தொட்டியடியில் பையன்கள் நின்றிருந்தார்கள், கையில் போன்களோடு.

ஆக உங்களிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. தாள் இல்லை, சாட்சி இல்லை, ஒப்புக்கொண்டவனும் இல்லை என்கிறான். எந்த வியாபாரத்திலும் இப்படி வெறுங்கையோடு போய் யார் முன்னாலும் நான் நின்றதில்லை. மாமாவின் சொல் மட்டும்தான் இருக்கிறது. அது போதாது என்று நீங்கள் நினைத்தால் அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன்.

ஜஹ்ரா வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கொல்லைப் பக்கம் போய் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் மாமி குல்சும் சோறு பிசைந்து வாயில் வைத்தால் ஒரு வாய் இறங்குகிறது. நேற்று ஆள் வைத்துக் கிணற்றுக்கு இரும்பு வலை அடித்து மூடினேன். பூனை விழுகிறது என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்ம வீட்டுல பூனை ஏது வாப்பா என்றாள். அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றச் சொல்லியிருக்கிறேன், துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி.

குல்சுமின் போனுக்குக் கூப்பிடுங்கள் மாப்பிள்ளை. சமாதானம் சொல்லச் சொல்லவில்லை. கோபம் இருந்தால் ஏசுங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் காக்கா வாயால் வேண்டாம், உங்கள் வாயால் அவள் காதில் விழட்டும். அதற்கு எங்களை அதிக நாள் காக்க வைத்துவிடாதீர்கள். அல்லாஹ் உங்கள் கல்பில் இரக்கத்தைப் போடுவானாக, என் பிள்ளைக்கு ஹயாத்தை, ஆயுளைக் கொடுப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் குரலை எதிர்பார்த்திருக்கும் மாமா,
நூஹு.